சாம்பல் டியூப்

இன்ஜின் கவரைக் கழற்றத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், திரும்ப மாட்டத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது என் சரக்கல்ல, எதிர் மெக்கானிக் ஷெட்காரர் சொன்னது. இருபத்திரண்டு வருஷமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவன் என்ற முறையில் எனக்கும் அதில் மாற்றுக் கருத்து கிடையாது. பாதிப் பேர் வந்து, "ஏதாவது ஒரு பேஸ்ட் குடுங்க" என்பார்கள். காலில் மாட்டும் செருப்பை நாலு ஜோடி போட்டுப் பார்த்து வாங்குகிறவன், கொதிக்கிற எண்ணெயை அடைத்து நிறுத்த வேண்டிய பசையை மட்டும் ஏதாவது ஒன்று என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த வண்டி, எந்தக் கவர், நடுவில் பேக்கிங் உண்டா, இல்லை இரும்போடு இரும்பு உட்காருகிறதா என்று நான் கேட்கத் தொடங்கினால், இந்த ஆளிடம் ஏன் வந்தோம் என்பது போல் பார்ப்பார்கள்.

எதிர் ஷெட்காரர் அந்த ரகம் இல்லை. தெருவே அவரை மூக்குக்காரர் என்றுதான் சொல்லும். மூக்கு ஒன்றும் அப்படிப் பெரிதல்ல, அது செய்த வேலைதான் பெரிது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மூக்கடியில் ஒரு தடவை காட்டினால் போதும், ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறதா, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். வேறு ஷெட்டில் மூன்று நாள் கிடந்த வண்டிகூட அவரிடம் வந்தால் மூன்று நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்த மூக்கை நம்பித்தான் அவர் எதிலும் பெயர் எழுதி வைப்பதில்லை. அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கும் டியூப் ஒன்றிலும் எழுத்து இருக்காது. எண்ணெய்க் கையால் எடுத்து எடுத்து அச்சு அழிந்து எல்லாம் ஒரே வெள்ளித் தகடாகக் கிடக்கும். ஒரு சீட்டு ஒட்டி வைத்தால் என்ன என்று கேட்டால், நான் என்ன கண்ணாலயா வேலை பார்க்கிறேன் என்பார். அதுவும் உண்மைதான். இன்ஜின் கவருக்குப் போடும் சாம்பல் பசையில் வாடை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. சமையலறைத் தொட்டி விளிம்பிலும் குளியலறை மூலையிலும் பூசுகிற சிலிக்கானும் அதே சாம்பல் நிறத்தில் வரும், அதன் மூடியைத் திறந்தாலோ புளித்த காடி போல நெடி மூக்கில் ஏறும். அது தண்ணீரைத் தாங்கும். சூடான எண்ணெய் பட்டால் ஊறி, கொழகொழத்து, பிடியை விட்டுவிடும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. மூக்கால் சின்னக் குழந்தைகூடப் பிரித்துவிடும்.

ஷெட்டுக்கு மேலே மாடியில் அவரும் மனைவியும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் அவருடைய தங்கையும், தங்கை புருஷனும், அவர்களுடைய நாலு வயசு மகளும். தங்கை புருஷன் டிரைவர், சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினான். ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற நிரந்தரச் சவாரிகள் அவனுக்கு நிறைய. வாயில்லாப் பூச்சி. சவாரி இல்லாத நேரத்தில் மச்சானின் ஷெட்டைக் கூட்டுவான், குழாய் ஒழுகினால் அடைப்பான், அக்கா அக்கா என்று மூக்குக்காரர் மனைவிக்குக் கடைக்குப் போய் வருவான். அந்த வீட்டில் அவனைக் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் இருந்ததில்லை.

அந்தக் குட்டிக்கும் மாமனுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவள் எதையாவது கைக்குள் மூடிக்கொண்டு ஓடி வருவாள். வண்டிக்கு அடியில் கிடப்பவரின் முகத்துக்கு நேரே முஷ்டியை நீட்டி, "என்னன்னு சொல்லு மாமா" என்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்து, சோப்பு, பிஸ்கட், உங்கம்மா வளையல் என்று சொல்லுவார். வளையலுக்கு ஏது வாசனை என்று நான் கேட்டால், அவள் அம்மா கையின் வெங்காய வாசம் அதில் இருக்கிறதே என்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

போன மழைக்காலத்தில் அவர் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். எழுந்து வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அதற்குப் பிறகு குட்டி முஷ்டியை நீட்டினால், "மாமாவுக்கு வேலை இருக்கு கண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடம்பு இன்னும் தேறவில்லை என்று நினைத்தேன். என் கண் முன்னால்தான் நடந்தது, என் மண்டையில்தான் ஏறவில்லை.

காய்ச்சல் விட்டு ஒரு மாசம் இருக்கும். டிரைவரின் காரில் முன்பக்கம் எண்ணெய் கசிந்தது. இன்ஜின் செயினை மூடியிருக்கும் டைமிங் கவர் அது. அதற்குப் பேக்கிங் கிடையாது, பசை மட்டும்தான். மூக்குக்காரர் அன்று முழுக்க அதிலேயே உட்கார்ந்தார். நான் இரண்டு போல்ட் கொடுக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன், அவர் வேலை செய்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய பசையை மரச் சீவுளியால் சுரண்டினார், இரும்பு பட்டால் அலுமினியத்தில் கீறல் விழும். தின்னர் நனைத்த துணியால் இரண்டு முகத்தையும் மூன்று தடவை துடைத்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு டியூபை எடுத்து, மூடியைத் திருகி, வழக்கம்போல மூக்கடியில் காட்டிவிட்டு, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக மெல்லிய கோடு இழுத்தார். கனமாகப் போட்டால் வெளியே பிதுங்கும், வெளியே பிதுங்கினால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்று எனக்கு விளக்கினார். ஷெட் முழுக்கத் தின்னர் நெடி. எனக்கு வேறு எந்த வாடையும் தெரியவில்லை. இதை நான் எனக்காகச் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

கவரை உட்காரவைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி முடித்ததும் டிரைவரைக் கூப்பிட்டார். நாளை மத்தியானம் வரைக்கும் சாவியைத் தொடக்கூடாது என்றார். சரி மச்சான் என்றான் அவன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவன் என் கடைக்கு வந்துவிட்டான். வாசலில் ஒரு மர ஸ்டூல் போட்டிருப்பேன், அதில் உட்கார்ந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்தான். இரண்டு சவாரியை வேறொருவருக்கு மாற்றிவிட்டிருந்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இந்த ஈரத்தில் பசை சீக்கிரமே இறுகிவிடும், இப்போதே எடுக்கலாம் என்று நான்கூடச் சொன்னேன். மச்சான் மத்தியானம் என்று சொல்லியிருக்கிறார் என்று தலையாட்டிவிட்டு, டீ வாங்கிக் குடித்து, மறுபடி பேப்பரை எடுத்தான். பன்னிரண்டரைக்குத்தான் எழுந்து போனான்.

பன்னிரண்டு நாள் ஓடியது. பதின்மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு போகும்போது எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியைக் கழற்றியபோது நானும் அங்கே இருந்தேன். எண்ணெய் உறிஞ்சும் சல்லடை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று துண்டுகள் அடைத்திருந்தன. எண்ணெய் மேலே ஏற வழியில்லாமல் இன்ஜின் வறண்டு கடித்துக்கொண்டது.

மூக்குக்காரர் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "காயறதுக்குள்ள எடுத்திருக்க" என்றார்.

இல்லை என்றான் அவன். மத்தியானம் வரை காத்திருந்தேன் என்றான். அவர் கேட்கவில்லை, பசை இறுகியிருந்தால் இப்படிக் கரைந்து வராது என்றார். அவன் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொன்னான். "மச்சான், டியூப் மாறிப்போயிருக்குமோ?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மூடியத் தொறந்து மோந்து பாத்துத்தான்டா போட்டேன். கடைக்காரர் பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு. என் மூக்க மீறி மாறுமா?"

சத்தம் கேட்டுத் தங்கை வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கவர் மாட்டிய மறுநாள் விடிகாலையில் வண்டி கிளம்புகிற சத்தம் தன் காதில் விழுந்தது என்றாள். அது எதிர்ச் சந்துப் பால் வேனாக இருக்கும் என்று அவன் சொன்னான். "எங்கண்ணன் மூக்கு பொய் சொல்லாது" என்று அவள் சொல்லிவிட்டாள். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பொண்டாட்டியே அப்படிச் சொன்ன பிறகு அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"நீங்களாவது சொல்லுங்க. நான் உங்க கடையிலதானே உக்காந்திருந்தேன்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எட்டு மணிக்கு வந்தே, பாத்தேன். அதுக்கு முன்னாடி எனக்கு எப்படித் தெரியும்?" இதைத்தான் சொன்னேன். வண்டியை எடுத்தவன் எதற்கு நாலரை மணி நேரம் என் ஸ்டூலில் தவம் கிடக்கிறான் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபது வருஷத்துப் பழக்கம், எதிரெதிர் வாசல், மூக்குக்காரரின் மூக்கைத் தெருவில் வைத்துச் சந்தேகப்படுவதா என்று மென்று விழுங்கிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் நாலாம் நாள் வேறு ஊரில் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலைக்குப் போய்விட்டான். பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூப்பிட்டிருக்கிறான். முதலில் எங்கண்ணனிடம் தப்பை ஒத்துக்கொள், அப்புறம் வருகிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். செய்யாத தப்பை எப்படி ஒத்துக்கொள்வது என்று கேட்டுவிட்டு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கார் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. குட்டி அதற்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும்.

இரண்டு மாசம் போனது. ஒருநாள் என் கடையில் சரக்கு இறக்கும்போது குளியலறை சிலிக்கான் டியூப் ஒன்று காலில் மிதிபட்டு வெடித்துவிட்டது. கடை முழுக்கக் காடி நெடி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. வாங்க வந்த இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார்கள். அந்த நேரம் பார்த்து மூக்குக்காரர் உள்ளே வந்தார். கவர் பசை வேண்டும் என்றார். மேசையில் கிடந்த அந்த வெடித்த டியூபையே கையில் எடுத்தார், பெயர் இருந்த பக்கம் பசை அப்பியிருந்தது. மூக்கடியில் காட்டினார். முகம் ஒரு சுருக்கம்கூடச் சுருங்கவில்லை.

"நல்ல சரக்கு. இதுலயே ரெண்டு குடுங்க" என்றார்.

வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டு, வேறு நல்ல டியூப் இரண்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அவர் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க வெளியே கிளம்பியதும் மாடி ஏறினேன். அவர் மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு வாசனை தெரிகிறதா என்று நேராகவே கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "காய்ச்சல் விட்ட நாலாம் நாளே எனக்குத் தெரியும்ணா. அடுப்புல பால் தீஞ்சு வீடெல்லாம் நெடி. பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார். நான் ஓடி வந்து அணைச்சப்பதான் என்னாச்சுன்னு கேக்கறார்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதார்ணா. மூக்கு இல்லன்னா நான் யாருன்னு கேட்டார். அதுக்கு நான் என்ன சொல்ல? தானா வந்துடும், அதுவரைக்கும் வெளிய தெரிய வேணாம்னு இருந்துட்டேன்."

நான் கடையில் நடந்ததைச் சொன்னேன். டிரைவர் தம்பி உங்கள் சமையலறைத் தொட்டி விளிம்பில் பூசுவதற்கு என் கடையிலிருந்துதான் ஒரு சாம்பல் சிலிக்கான் வாங்கிப் போனான், மீதி டியூப் என்னவானது என்று கேட்டேன். ஜன்னல் மேடையில் கிடந்தது, வீட்டைத் துடைத்த அன்றைக்கு யாரோ ஷெட் சாமான் என்று கீழே கொண்டுபோய்ப் போட்டிருக்க வேண்டும் என்றாள். அந்த யாரோ அவளா, நாத்தனாரா என்று நான் கேட்கவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஐயோ, அந்தத் தம்பிய நாங்க எல்லாருமா சேந்து..." என்றாள்.

அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். மறுநாள் காலை மூக்குக்காரர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மேசை இழுப்பறை அப்படியே வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு டியூபை என் முன்னால் வைத்தார்.

"இதுல எது எதுன்னு சொல்லுங்க."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மூடி திறக்கும்போதே தெரிந்துவிட்டது. சொன்னேன். இரண்டிலிருந்தும் இரண்டு தகரத் துண்டில் கோடு இழுத்தார், அதே மெல்லிய கோடு. மறுநாள் மத்தியானம் வரை காயவிட்டார், ஒரு நிமிஷம் முன்பின் இல்லை. பிறகு பழைய ஆயிலை ஒரு டப்பாவில் ஊற்றி, இரண்டையும் அதில் போட்டு, மூன்று நாள் அடுப்பில் சூடேற்றி ஆற்றி, சூடேற்றி ஆற்றி வைத்தார். வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாலாம் நாள் இடுக்கியால் வெளியே எடுத்தார். ஒன்று ரப்பர் போல ஒட்டிக்கொண்டு நின்றது, நகத்தால் கீறினாலும் வரவில்லை. இன்னொன்று ஊதிப்போய் விரல் பட்டதும் கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. சல்லடையில் இருந்தது அதுதான். எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா?

விரலைத் துடைக்காமலே பின்கட்டுக்குப் போனார். தங்கை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் விரலை நீட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார், காய்ச்சலில் தொடங்கி. அவள் கையிலிருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். தண்ணீர் வடிந்து நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அப்ப நான் கேட்ட வண்டிச் சத்தம்?" என்றாள்.

பால் வேன் தினமும் அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறது.

போன் என் கடையிலிருந்துதான் செய்தார். அவர் கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். மாப்ளே, தப்பு என்னுது என்று ஆரம்பித்து எப்படியோ சொல்லி முடித்தார். லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

"எம்மேல கோவம் இருந்தா திட்டிரு மாப்ளே."

"கோவம் இல்ல மச்சான்" என்றான் அவன். "மூக்கு போயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் மோந்து பாத்துச் சொல்லியிருப்பேன்ல. அந்த ஷெட்டுல நான் எதத்தான் செய்யல?"

நான் போன் பக்கம் குனிந்து, என்னையும் மன்னித்துவிடு தம்பி என்றேன். "நீங்க பாத்ததத்தானே சொன்னீங்க" என்றான். நான் பார்த்ததில் பாதியைத்தான் சொன்னேன் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தார்ப்பாயை எடுத்துவிட்டு அவர் அந்த இன்ஜினைப் பிரித்தார். பதினெட்டு நாள். கடித்துப்போன பேரிங்குகளை மாற்றி, கிராங்க் அச்சைக் கடைசல் பட்டறைக்குக் கொடுத்து வாங்கி, ஒவ்வொரு துளையாக ஊதிச் சுத்தம் செய்தார். கவர் மாட்டுகிற அன்று தங்கையைக் கூப்பிட்டார். அவள் டியூபை வாங்கி மூடியைத் திறந்து, இரண்டு தடவை மோந்து பார்த்தாள். "வாட இல்லண்ணே" என்றாள். அதன் பிறகுதான் கோடு இழுத்தார். இழுப்பறையில் இப்போது எல்லா டியூபிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது, அவர் மனைவியின் கையெழுத்து.

வண்டி தயாரானதும் அவன் வந்தான். நல்ல வெயில். என் கடை வாசலில் ஸ்டூல் போட்டிருந்தேன், வா தம்பி, உட்கார் என்றேன். இல்லைங்க, நிறைய வேலை இருக்கு என்று நின்றபடியே ஒரு நிமிஷம் பேசிவிட்டு எதிரே போய்விட்டான். அவன் திரும்பி வந்து பின்கட்டில் இருப்பான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவனோ அங்கே வீடு பார்த்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தான். அவள் ஏற்கெனவே சாமானைக் கட்டி வைத்திருந்தாள். புருஷனின் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு மூட்டையாக எடுத்துக் கொடுத்தாள். அவன் ஒன்றும் கடிந்து பேசவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை போலும். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இங்கயே இருக்கலாமே மாப்ளே" என்றார் மூக்குக்காரர்.

"அங்க ஒத்துக்கிட்டேன் மச்சான்" என்றான். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பார்?

பானெட்டைத் திறந்து காட்டினார். அவன் குனிந்து கவரின் விளிம்பு நெடுக விரலை ஓட்டிப் பார்த்தான். ஆயில் கம்பியை உருவி, மூக்கடியில் காட்டிவிட்டு, "நல்லாருக்கு மச்சான்" என்றான். அவர் தலையாட்டினார், அவருக்கு அது நல்லாருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

மாடியிலிருந்து அவர் மனைவி வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோரும் ஏறியாயிற்று. குட்டி மட்டும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடி வந்தாள். மாமனின் முன்னால் நின்று முஷ்டியை மூடி நீட்டினாள்.

"என்னன்னு சொல்லு மாமா."

வேலை இருக்கு கண்ணு என்று அவர் சொல்லவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தார். அந்தச் சின்னக் கையை இரண்டு கையாலும் பிடித்து மூக்கோடு வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் இழுத்துப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், டிரைவரும்தான்.

"தெரியலடா கண்ணு. மாமாவுக்குத் தெரியல. நீயே சொல்லிரு."

குட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. மாமா சும்மா ஏமாற்றுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள், கையை இன்னும் கிட்டே கொண்டுபோய் அழுத்தினாள். அப்பன் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். அவள் சட்டென்று விரலை விரித்தாள். உள்ளே கசங்கிய ஆரஞ்சுத் தோல் இருந்தது. எதிர் வாசலில் நின்றிருந்த எனக்கே வாசம் அடித்தது. அதை அவர் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் கிளம்பிப் போனது.